இன்னும் ஒரு சொட்டு

என் கணவர் போன பிறகு தெருவில் என்னைப் பற்றி இரண்டு பேச்சு. இவள் இன்னும் அழவில்லை என்பது ஒன்று. இவளுக்கா இவ்வளவு மெதுவாகப் பேச வரும் என்பது இன்னொன்று. இரண்டும் உண்மைதான்.

மெதுவாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. அவருக்குக் காது மந்தம். இளவயதில் நூல் ஆலையில் இயந்திரங்களுக்கு நடுவே நின்று நின்று, மெல்லிய ஓசை எதுவும் அவருக்குள் போகாமலே ஆகிவிட்டது. இடி இடித்தால் கேட்கும், கொசு பாடினால் கேட்காது. அதனால் கல்யாணமான நாளிலிருந்து நான் கத்திக் கத்தித்தான் குடித்தனம் நடத்தினேன். உப்பு போதுமா என்று அவரைக் கேட்டால் மூன்றாம் வீட்டுக்காரி போதும் என்பாள். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண், எங்களுக்குள் தினமும் சண்டை என்று நினைத்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஆறுதல் சொல்லியிருக்கிறாள். இப்போது கத்த ஆளில்லை. குரல் தானாக இறங்கிவிட்டது.

அழாததற்குத்தான் காரணம் தெரியவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைத்தேன். மரத்துப்போன காலைக் கிள்ளினால் வேறு யாருடைய காலையோ கிள்ளுவதுபோல் இருக்குமே, எல்லாம் அப்படி இருந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் வந்தான், என் தோளில் முகத்தை வைத்து அழுதான். அவன் சட்டைப் பித்தான் ஒன்று நூலில் தொங்குகிறதே என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். லீவு முடிந்து போய்விட்டான். அந்தப் பித்தானைத் தைத்துக் கொடுத்தேனா என்பதுகூட நினைவில்லை.

நாத்தனார் மட்டும் போகவில்லை. அவருடைய ஒரே தங்கை. ஐம்பது வயதைத் தாண்டி, தலை பாதி நரைத்த பிறகும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா.

"நீங்க ஒரு தடவை வாய்விட்டு அழுங்க அண்ணி. அதுவரைக்கும் நான் போறதா இல்ல" என்றாள்.

"அப்ப உனக்கு நிரந்தரமா ஒரு ரூம் ஒதுக்கிட வேண்டியதுதான்" என்றேன்.

அதற்கும் அவளே அழுதாள். பாப்பாவுக்குக் கண்ணீர் குழாய்த் தண்ணீர் மாதிரி. திறந்தால் வரும், மூடினால் நிற்கும். அழுத கையோடு வீட்டைத் துடைப்பாள். வந்ததிலிருந்து ஜன்னல் கம்பி, மின்விசிறி இறக்கை, அலமாரியின் பின்பக்கம் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. வேலை செய்துகொண்டிருந்தால் மனசு ஆறும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். என்னிடம் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன், அதற்கான தெம்பு இருந்திருந்தால்.

எங்கள் வீட்டுத் தொழில் வேறு. பழைய ரீல்களைச் சுத்தம் செய்து சரிசெய்து தருவோம். தூண்டில் கம்பின் அடியில் நூல் சுற்றிவைக்க ஒரு உருளை இருக்கும், அதுதான் ரீல். எங்களிடம் வருவதெல்லாம் யாருடைய தாத்தாவோ வாங்கியவை. பித்தளையில் உடம்பு, கொம்பில் கடைந்த கைப்பிடி. அவற்றை வைத்து இப்போது யாரும் மீன் பிடிப்பதில்லை. கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்ப்பார்கள். என் கணவரும் வாழ்நாளில் ஒரு மீன் பிடித்ததில்லை. தட்டில் வைத்த மீனுக்கே முள் பார்த்துத் தர நான் வேண்டும்.

பிரிப்பதும் மூட்டுவதும் அவர். நடுவில் துடைத்து மெருகேற்றுவது நான். மெருகு என்றதும் எல்லோரும் பளபளப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்த ரீல்களைச் செய்தவர்களே பித்தளைக்கு மேல் ஒரு கருந்தவிட்டு நிறம் ஏற்றியிருப்பார்கள், வெயிலில் மின்னி மீன் மிரண்டுவிடக் கூடாது என்று. அந்த நிறம் போனால் போனதுதான். பச்சைக் களிம்பை எடுக்க வேண்டும், பிசினாகக் காய்ந்துவிட்ட பழைய கிரீஸை எடுக்க வேண்டும், அந்தக் கருநிறத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். அதற்கு மண்ணெண்ணெய், மெத்தென்ற பல் பிரஷ், பல்குத்தும் குச்சி, பழைய பனியன் துணி. கடைசியாகத் துணியில் தொட்டும் தொடாமலும் கொஞ்சம் மெழுகு.

அவருடைய வேலையில் ஒரு விஷயம் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். அந்தக் காலத்து ரீலில் திருகாணிகளை மாற்றிப் போட முடியாது. ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாகக் கையால் மரை வெட்டியிருப்பார்கள். இந்தத் துளையின் திருகாணி அடுத்த துளைக்குச் சரியாகப் பொருந்தாது. அதனால் அவர் ஒரு துணி சோப்புக் கட்டியை நனைத்துத் தட்டையாக்கி வைத்துக்கொள்வார். ரீலின் முகத்தில் திருகாணிகள் எப்படி வட்டமாக இருந்தனவோ, அதே வட்டத்தில் ஒவ்வொன்றையும் கழற்றிச் சோப்பில் குத்தி வைப்பார். மேல்பக்கம் எது என்று தெரிய நகத்தால் ஒரு கீறல். மரையில் சோப்பு ஒட்டியிருந்தால் திரும்பப் போடும்போது வழுக்கிக்கொண்டு இறங்கும் என்பார். "குளிச்சிட்டுப் போகுது பாரு" என்பார், ஒவ்வொரு முறையும், அதே சிரிப்போடு. நானும் ஒவ்வொரு முறையும் சிரித்து வைப்பேன்.

மூட்டி முடித்ததும் ஓசை பார்க்க வேண்டும். ரீலுக்குள் சின்னதாக ஒரு பல்சக்கரமும், அதில் இடித்துக்கொண்டே இருக்கும் ஒரு கொண்டியும் உண்டு. கைப்பிடியைச் சுற்றினால் கிர்ரென்று கத்தும். எண்ணெய் பதமாக இருந்தால் சத்தம் வழவழவென்று வரும். இல்லாவிட்டால் உள்ளே மணல் கிடப்பதுபோல் கரகரக்கும். இதைக் கேட்கத்தான் அவருக்குக் காது இல்லை. கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்ப்பார். நான் சமையலறையில் இருந்தால் அங்கிருந்தே குரல் கொடுப்பேன்: "ஏங்க, இன்னும் ஒரு சொட்டு!" ஊசி மூக்கு எண்ணெய்க்குப்பியால் ஒரு சொட்டு விட்டு மறுபடி சுற்றுவார். நான் "போதும்" என்று கத்தும்வரை ரீல் அவர் கையைவிட்டு இறங்காது.

கடைசியாக வந்த ரீல் பல் டாக்டருடையது. அவர் ஆஸ்பத்திரியை மூடிவிட்டு வீட்டோடு இருப்பவர். வரும்போதெல்லாம் எனக்கு நாலைந்து பிரஷ் கொண்டு வருவார், என் பல்லுக்கல்ல, ரீலுக்கு. இவர் பிரித்துச் சோப்பில் குத்திவைத்தார். நான் துடைத்து, மெழுகு பூசி, தட்டில் அடுக்கிக் கொடுத்தேன். "டீ குடிச்சிட்டு மூட்டிடறேன்" என்று கை கழுவப் போனார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொல்லி இரண்டு தடவை கத்திவிட்டுப் போய்ப் பார்த்தபோது கீழே கிடந்தார்.

அதன் பிறகு அந்தத் தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து, வேலை அறையின் கதவைச் சாத்திவைத்தேன். உள்ளே போகவில்லை.

மகன் ஊருக்குப் போன பிறகு ஒருநாள் காலை டாக்டர் ஃபோன் செய்தார்.

"அவசரப்படுத்தறேன்னு நினைக்காதீங்கம்மா. அந்த ரீல் எப்படி இருக்கோ அப்படியே குடுத்துடுங்க. ஒரு டப்பால போட்டு வச்சாப் போதும். வேற ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட மூட்டிக்கறேன்."

"வேணாம் சார். மூட்டியே தர்றேன். சாயங்காலம் வாங்க."

சொல்லிவிட்டு ஃபோனையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் ஒரு ரீலையும் மூட்டியதில்லை. ஆனால் அவர் பிரித்துவைத்ததை முகம் தெரியாத ஒருவர் கை மூட்டுவதா? அது மட்டும் கூடாது என்று தோன்றியது. அவர் போனதிலிருந்து எனக்கு வேண்டும், வேண்டாம் என்று தோன்றிய ஒரே விஷயம் அதுதான். எல்லாம் அவர் வைத்த இடத்தில் இருக்கிறது. சோப்பைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட வேண்டியதுதானே?

கதவைத் திறந்தேன். அறை கமகமவென்று இருந்தது. தரை துடைத்திருந்தது. மேசையில் தட்டும் இல்லை, கவிழ்த்த தட்டும் இல்லை. நடுவில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். அதற்குள் டாக்டரின் ரீல், பாகம் பாகமாக, தங்கம் மாதிரி மின்னிக்கொண்டு கிடந்தது. ஒரு பொட்டுக் கருப்பு மிச்சமில்லை.

பின்னாலேயே பாப்பா வந்து நின்றாள். முகமெல்லாம் பெருமை.

"நேத்து நீங்க தூங்கும்போது பண்ணேன் அண்ணி. அண்ணன் கடைசியா தொட்ட வேலை, அழுக்கோட கிடக்குதேன்னு மனசு கேக்கல. எலுமிச்சம்பழம், உப்பு, அப்புறம் பித்தளைப் பூட்டுக்குப் போடற பாலிஷ். கை ரெண்டும் எரிஞ்சுபோச்சு. எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றேன்.

என் காதுக்கே அது யாரோ சொன்னதுபோல் இருந்தது. கோபம் வரும் என்று கொஞ்சம் காத்திருந்தேன். வரவில்லை.

"ஸ்க்ரூவெல்லாம் எங்க பாப்பா?"

"பத்திரமா டம்ளர்ல போட்டு வச்சிருக்கேன்."

"சோப்பு?"

"எந்தச் சோப்பு?"

"ஸ்க்ரூ குத்தி வச்சிருந்தாரே."

"ஓ, அதுவா? யாரோ விளையாட்டுக்குக் குத்தி வச்ச மாதிரி இருந்துச்சு. புடுங்கிட்டு, ரூம்ல இருந்த துணியெல்லாம் அதுலதான் துவைச்சேன். நல்லா நுரை வந்துச்சு."

குளியலறைக்குப் போய்ப் பார்த்தேன். வாளிப் பக்கத்தில் அந்தச் சோப்பு தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. கீறலும் இல்லை, துளையும் இல்லை. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றிருக்க வேண்டும், ஏனென்றால் பாப்பா வாசலில் வந்து "என்ன அண்ணி, என்ன பண்ணிட்டேன் நான்?" என்று கேட்டபோது என் விரலெல்லாம் வழவழத்துப்போயிருந்தது.

சொன்னேன். திருகாணிகள் இடம் மாறக் கூடாது என்பதையும், சோப்பு எதற்கு என்பதையும். தேய்த்துப் போக்கிய கருநிறத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

அவள் தரையிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "அண்ணன் வச்சதைக் கலைச்சிட்டேனே, கலைச்சிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அவளைப் பார்க்கக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"எழுந்திரு. அழுதா ஸ்க்ரூ தானா போய் உக்காராது. உனக்குக் கண்ணு நல்லாத் தெரியும், வா."

ஜன்னல் ஓரம் மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் நாற்காலியில் பாப்பா உட்காரப் போனாள், பிறகு நகர்ந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். பல்சக்கரத்தை வைத்தேன், கொண்டியை வைத்தேன், அதைத் தள்ளும் ஸ்பிரிங்கை அழுத்திச் செருகினேன். பார்த்துப் பார்த்துப் பழகியதால் அதெல்லாம் தானாக வந்தது. முகத்தட்டை மேலே பொருத்தினேன். இனித் திருகாணிகள்.

டம்ளரை மேசையில் கவிழ்த்தேன். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றை எடுத்து ஒரு துளையில் வைத்துத் திருப்பினேன். பாதியில் நின்றது. அழுத்தினால் மரை போய்விடும். எடுத்து அடுத்த துளையில் வைத்தேன். போனது. சரியாகப் போயிற்றா, சும்மா போயிற்றா என்று தெரியவில்லை. இப்படியே வெகுநேரம் போட்டுப் போட்டு எடுத்தோம். எல்லாமே இரண்டு மூன்று துளைகளில் போயின, எதுவும் நிச்சயமாக இல்லை.

"அந்த ஆளுகிட்டயே குடுத்துடலாமா அண்ணி?" என்றாள் பாப்பா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"வாயை மூடு."

கை சும்மா இருக்கப் பிடிக்காமல் பனியன் துணியை எடுத்து முகத்தட்டின் மேல் ஓட்டினேன். வழக்கம்போல நடுவிலிருந்து வெளியே. துணியின் நூல் ஒரு திருகாணித் தலையில் மாட்டி இழுத்தது. அப்போதுதான் தோன்றியது: மூட்டிய ரீலைக் கடைசியாக ஒருமுறை நான் துடைப்பேன் அல்லவா, ஒருநாளும் இப்படி மாட்டியதில்லை. திருகாணித் தலைக் கோடுகள் எல்லாம் நடுவைப் பார்த்தே நிற்கும், சக்கரத்துக் கம்பி மாதிரி. துணி அந்தக் கோட்டோடு வழுக்கிக்கொண்டு போகும். அப்படியானால், தன் துளையில் போன திருகாணி முழுக்க இறங்கும்போது கோடு நடுவைப் பார்க்கும். அடுத்தவன் துளையில் போனது கோணிக்கொண்டு நிற்கும்.

"பாப்பா, கோட்டைப் பாரு. நடுவைப் பாக்குதா?"

"இல்ல, சாஞ்சு நிக்குது."

"எடு."

அதன் பிறகு வேலை ஓடியது. அவள் குனிந்து பார்த்துச் சொல்ல, நான் திருப்புளியைத் திருப்பினேன். ஒவ்வொன்றாகத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. கடைசித் திருகாணி இறங்கி, கோடு நேராக நின்றதும் பாப்பா கை தட்டினாள், சின்னப் பெண் மாதிரி. நான் ரீலைத் துணியில் வைத்தேன்.

"சுத்திப் பாக்க வேணாமா அண்ணி? அண்ணன் சுத்திப் பாப்பாரே."

"வேணாம்."

"சத்தம் சரியா..."

"வேணாம்னு சொன்னேன்ல."

சாயங்காலம் டாக்டர் வந்தார். முன்னறையில் உட்காரவைத்து ரீலை எதிரே வைத்தேன். துணியைப் பிரித்ததும் அவர் கை அப்படியே நின்றுவிட்டது. எத்தனையோ பேருடைய சொத்தைப் பல்லைப் பார்த்து முகம் மாறாமல் பேசியவர். அந்தப் பழக்கம் அப்போது அவருக்கு உதவியது.

"புதுசு மாதிரி ஆயிடுச்சு" என்றார் மெதுவாக.

பாப்பா பின்னால் நின்று மலர்ந்துபோனாள். டாக்டர் என்னைப் பார்த்தார். "இது... நீங்களா தேய்ச்சது?"

"நான்தான் சார்."

"நீங்களா?"

"ஆமா. கொஞ்சம் அதிகமாத் தேய்ச்சிட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார், பாப்பாவின் சிவந்துபோன கைகளைப் பார்த்தார். பிறகு, "பரவாயில்லம்மா, இதுவும் ஒரு அழகுதான்" என்றார். நல்ல மனிதர். வீட்டுக்குப் போய் அதை அலமாரியின் பின்வரிசையில்தான் வைப்பார் என்று எனக்குத் தெரியும்.

டீ கொண்டுவருகிறேன் என்று சமையலறைக்குப் போனேன். பால் அடுப்பில் இருந்தது. டம்ளர்களை எடுத்து வைத்தேன். சர்க்கரை டப்பாவைத் திறந்தேன்.

முன்னறையில் அவர் கைப்பிடியைச் சுற்றினார்.

கிர்ரென்று சத்தம் வந்தது. கரகரப்பு. உள்ளே இன்னும் காய்ந்திருக்கிறது.

"ஏங்க, இன்னும் ஒரு சொட்டு!"

வீடே அதிர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே போய்க்கொண்டிருந்த யாரோ நின்று திரும்பிப் பார்த்தார்கள். முன்னறையில் சத்தம் சட்டென்று நின்றது. நான் சர்க்கரைக் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். பதிலுக்கு நாற்காலி இழுபடும் ஓசை வரும், குப்பியைத் தேடி அவர் இழுப்பறையைத் திறப்பார், பிறகு மறுபடி சுற்றுவார். அதற்காகக் காத்திருந்தேன். நிஜமாகவே காத்திருந்தேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் அணைக்கவில்லை.

முன்னறைக்கு வந்தபோது டாக்டர் ரீலை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி எழுந்து நின்றிருந்தார், தப்புச் செய்த பையன் மாதிரி. பாப்பா சுவரோடு ஒட்டி நின்றாள்.

"ஒரு சொட்டு விட்டுடுங்கம்மா" என்றார் அவர். "நான் இருக்கேன். மெதுவா."

வேலை அறையிலிருந்து எண்ணெய்க்குப்பியை எடுத்து வந்தேன். ரீலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஊசி மூக்கைக் கொண்டிக்குப் பக்கத்தில் வைத்து ஒரு சொட்டு விட்டேன். சுற்றினேன். சத்தம் வழவழவென்று வந்தது. அவர் மூட்டிய எந்த ரீலும் இதைவிட நன்றாகக் கத்தியதில்லை. அடுத்து ஒரு வார்த்தைதான் பாக்கி. அதைச் சொன்னால் வேலை முடிந்தது. டாக்டர் எடுத்துக்கொண்டு போகலாம்.

"இன்னும் ஒரு சொட்டு" என்றேன்.

விட்டேன். சுற்றினேன்.

"இன்னும் ஒரு சொட்டு."

"அம்மா..." என்றார் டாக்டர்.

"இன்னும் ஒரு சொட்டு, ஏங்க, இன்னும் ஒரு சொட்டு" என்று சொல்லிக்கொண்டே குப்பியை அமுக்கினேன். எண்ணெய் திருகாணிக் கோடுகளில் நிறைந்து, விளிம்பைத் தாண்டி, என் விரல்களுக்கு நடுவே இறங்கி மடியை நனைத்தது. என் குரல் ஏறிக்கொண்டே போனது எனக்கே கேட்டது. நிறுத்த முடியவில்லை. நான் நிறுத்தினால் இந்த வீட்டில் கத்துவதற்கு இனி எதுவுமே இல்லை.

பாப்பா வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும்!" என்று கத்தினாள். அண்ணனுக்குக் கேட்க வேண்டும் என்றால் அவளும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கத்துவாள். "போதும் அண்ணி! போதும்!"

அப்போதுதான் அழுகை வந்தது. இரண்டு கையும் எண்ணெயாக இருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை. பாப்பாதான் துடைத்துவிட்டாள்.